ஓல்தோ வந்தால் பட் வேண்டாம்: முரண் காட்டும் ஆங்கில இணைப்புச் சொற்கள் பற்றி வாசகர் கேள்விகள்

இந்தத் தடவை வந்த கேள்விகள் பலவும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விஷயங்களை ஆங்கிலத்தில் எப்படிக் கோப்பது? 'பட்', 'ஓல்தோ', 'டிஸ்பைட்', 'ஹவெவர்' எல்லாவற்றின் அர்த்தமும் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. எழுதும்போதுதான் சறுக்குகிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் முழு வாக்கியம் வர வேண்டுமா, வெறும் பெயர்ச்சொல் வர வேண்டுமா, கொமா வர வேண்டுமா என்று பார்ப்பதில்லை. கீழே பல பதில்களில் இதையே திரும்பவும் சொல்லியிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ஏறாவூர், சாதாரண தர மாணவி: 'ஓல்தோ இட் வோஸ் ரெயினிங், பட் வி வென்ட் டு ஸ்கூல்' என்று எழுதினேன். ரீச்சர் 'பட்'டை வெட்டிவிட்டார். தமிழில் யோசித்தால் சரியாகத்தானே இருக்கிறது?

மகள், தமிழில் யோசித்தாலும் அது சரிவராது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'மழை பெய்தபோதிலும் பாடசாலைக்குப் போனோம்.' நல்ல தமிழ். 'மழை பெய்தது, ஆனால் பாடசாலைக்குப் போனோம்.' அதுவும் நல்ல தமிழ். 'மழை பெய்தபோதிலும், ஆனால் பாடசாலைக்குப் போனோம்.' இதைக் காது ஏற்காது. ஒரு முரணைக் காட்ட ஒரு சொல் போதும். இரண்டு மொழியிலும் அப்படித்தான்.

பிறகு ஏன் இத்தனை பேருக்கு இந்தப் பிழை வருகிறது? ரியூஷன் கொப்பிகளில் 'ஓல்தோ' என்பதற்கு நேரே 'ஆனாலும்' என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். அங்கேதான் சிக்கல். தமிழில் 'ஆனாலும்' இரண்டாவது வாக்கியத்தின் தலையில் நிற்கும்: 'மழை பெய்தது. ஆனாலும் போனோம்.' ஓல்தோ அங்கே நிற்காது. எது தடையாக இருந்ததோ, அதன் தலையில் நிற்கும். இங்கே தடை மழை. அதனால் கொப்பியில் அந்த வரியை அடித்துவிட்டு 'போதிலும்' என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இடம் மாற்றியும் எழுதலாம்: 'வி வென்ட் டு ஸ்கூல் ஓல்தோ இட் வோஸ் ரெயினிங்.' ஓல்தோ முதலில் வந்தால் இரண்டு பகுதிக்கும் நடுவே கொமா போடுங்கள். பின்னால் வந்தால் பெரும்பாலும் தேவைப்படாது. இன்னொன்று, 'ஓல்தோ இட் வோஸ் ரெயினிங்' என்று மட்டும் எழுதி புல்ஸ்டொப் வைக்க முடியாது. 'மழை பெய்தபோதிலும்' என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் மிச்சத்துக்குக் காத்திருப்பார் அல்லவா? அதே கதைதான்.

மட்டக்களப்பு நகர், வாசகர்: பழைய ஆங்கில பைபிளில் 'தோ' என்று தொடங்கி நடுவில் 'யெட்' வருகிறதே. அது இரட்டைச் சொல் இல்லையா?

நல்ல கண் உங்களுக்கு. 1611ஆம் ஆண்டின் கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில், யோபு 13:15 போன்ற இடங்களில் அந்தச் சோடி இருக்கிறது. அந்தக் கால ஆங்கிலத்தில் அது வழக்கம். இன்றும் எப்போதாவது, உயர்ந்த நடையில், 'ஓல்தோ'வுக்குப் பின் 'யெட்' வைப்பவர்கள் உண்டு. ஆனால் 'ஓல்தோ… பட்' இன்றைய எழுத்து ஆங்கிலத்தில் பிழையாகவே எண்ணப்படும். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் இரண்டையும் விட்டுவிடுவது நல்லது.

களுவாஞ்சிக்குடி, உயர்தர மாணவன்: 'டிஸ்பைட் ஒஃப்' சரியா? 'டிஸ்பைட் ஹி வோஸ் சிக்' என்று எழுதலாமா?

இரண்டும் பிழை, தம்பி. 'இன் ஸ்பைட் ஒஃப்' மூன்று சொல், அதில் 'ஒஃப்' உண்டு. 'டிஸ்பைட்' தனிச்சொல், அதற்கு 'ஒஃப்' கிடையாது. பொருளில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

இரண்டாவது பிழைதான் கவனிக்க வேண்டியது. ஓல்தோவுக்குப் பின் எழுவாயும் வினையும் கொண்ட முழு வாக்கியம் வரும். டிஸ்பைட்டுக்குப் பின் பெயர்ச்சொல் வரும்: 'டிஸ்பைட் தி ஹெவி ரெயின், தி உதயதேவி அரைவ்ட் ஒன் டைம்.' கடும் மழையிலும் உதயதேவி ரயில் நேரத்துக்கு வந்தது. அல்லது 'இங்' சேர்ந்த சொல் வரும்: 'டிஸ்பைட் லிவிங் பை தி லகூன், ஹி கனொட் ஸ்விம்.' வாவிக்கரையில் இருந்தும் நீந்தத் தெரியாது. உங்கள் வாக்கியத்தை 'டிஸ்பைட் பீயிங் சிக், ஹி கேம்' என்றோ, 'டிஸ்பைட் ஹிஸ் இல்னெஸ், ஹி கேம்' என்றோ மாற்றுங்கள்.

'இங்' போடும்போது ஒரு பொறி இருக்கிறது. வாவிக்கரையில் இருப்பவரும் நீந்தத் தெரியாதவரும் ஒரே ஆள். அப்படி ஒரே ஆளாக இருக்க வேண்டும். 'டிஸ்பைட் ரெயினிங் ஹெவிலி, வி வென்ட் டு கல்லடி' என்று எழுதினால் நாங்களே மழையாகப் பொழிந்த மாதிரி ஆகிவிடும். அங்கே 'டிஸ்பைட் தி ஹெவி ரெயின்' என்று பெயர்ச்சொல்லை வையுங்கள்.

'டிஸ்பைட் தி ஃபெக்ட் தட்' என்று போட்டு முழு வாக்கியம் எழுதலாம் என்றும் சொல்லிக்கொடுப்பார்கள். இலக்கணப்படி சரி. ஆனால் ஓல்தோ என்ற ஒரே சொல் அந்த வேலையைச் செய்யும்போது நாலு சொல் எதற்கு?

ஒலுவில், பல்கலைக்கழக மாணவி: 'தி ரோட் வோஸ் ஃப்ளடட், ஹவெவர் தி பஸ் கேம்' என்று எழுதினால் சிவப்புக் கோடு விழுகிறது. 'பட்' போட்டால் விழவில்லை. ஏன்?

'பட்' இரண்டு வாக்கியங்களை ஒட்டி ஒன்றாக்கும். 'ஹவெவர்' ஒட்டாது. வாசிப்பவரிடம் 'இனி வருவது முரணானது' என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்துவிடும். ஆகவே அதற்கு முன்னால் வெறும் கொமா போதாது. புல்ஸ்டொப் அல்லது செமிகோலன் வேண்டும். பின்னால் ஒரு கொமா: 'தி ரோட் வோஸ் ஃப்ளடட். ஹவெவர், தி பஸ் கேம்.' நடுவிலும் வைக்கலாம், அப்போது இரண்டு பக்கமும் கொமா: 'தி பஸ், ஹவெவர், கேம் ஒன் டைம்.' 'இருந்தாலும்' என்று பொருள்தரும் 'நெவதலெஸ்' என்ற சொல்லுக்கும் இதே நிறுத்தக்குறிதான்.

கட்டுரையில் ஒவ்வொரு பந்தியும் 'ஹவெவர்' என்று தொடங்கினால் வாசிப்பவருக்கு அலுத்துவிடும். முரண் பெரிதாக இருக்கும் இடத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். சின்ன முரணுக்கு 'பட்' போதும்.

அப்புறம், இதே சொல் வேறு வேடத்திலும் வரும். 'ஹவெவர் ஹார்ட் ஐ ட்ரை' என்றால் 'எவ்வளவுதான் முயன்றாலும்'. அங்கே சொல்லை ஒட்டிக் கொமா போடக்கூடாது. போட்டால் அர்த்தம் உடைந்துவிடும்.

சம்மாந்துறை, ஆசிரியர்: வரைபடத்தை விவரிக்கும் கேள்விக்குப் பிள்ளைகள் ஓல்தோவை அள்ளிப் போடுகிறார்கள். 'வைல்', 'வெயராஸ்' என்று சொன்னாலும் மாறவில்லை. எப்படி விளங்கப்படுத்தலாம்?

சேர், முரண் இரண்டு வகை என்பதைப் பிள்ளைகளுக்கு முதலில் காட்டிவிடுங்கள். ஒன்று, எதிர்பார்த்ததற்கு மாறாக நடப்பது. மழை பெய்தால் போகமாட்டார்கள் என்று நினைப்போம், போனார்கள். அது ஓல்தோவின் இடம். மற்றது, இரண்டு விஷயங்கள் வேறுவேறாக இருப்பது. அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. 'கோல் கெட்ஸ் ஹெவி ரெயின் இன் மே, வெயராஸ் பட்டிக்கலோ இஸ் ட்ரை.' மே மாதம் காலியில் தென்மேற்குப் பருவமழை, எங்களுக்கு வெயில். எங்களுக்கு மழை வடகீழ்ப் பருவத்தோடு, பெரும்போகத்துக்குத்தான் வரும். இது வெறும் வித்தியாசம். இங்கே ஓல்தோ போட்டால், காலியில் மழை என்றால் மட்டக்களப்பிலும் பெய்திருக்க வேண்டும் என்று எழுதுபவர் எதிர்பார்த்த மாதிரி ஆகிவிடும்.

வரைபடத்தில் வருவது பெரும்பாலும் இரண்டாவது வகை. அதனால் அங்கே வெயராஸும் வைலும்தான் கைகொடுக்கும். வைலுக்கு 'அதே நேரத்தில்' என்ற அர்த்தமும் இருப்பதால் சில இடங்களில் குழப்பும். வெயராஸுக்கு அந்தக் குழப்பம் இல்லை. கொஞ்சம் இறுக்கமான சொல், பரீட்சைக்குப் பொருத்தம்.

திருத்தும்போது இன்னொரு இடத்தையும் பாருங்கள். 'தி நம்பர் ஒஃப் போய்ஸ் இன்கிரீஸ்ட், வெயராஸ் தி கேர்ல்ஸ் டிகிரீஸ்ட்' என்று எழுதுவார்கள். ஒரு பக்கம் எண்ணிக்கை, மறுபக்கம் ஆட்கள். ஒப்பிடும் இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டும். பின்பகுதியிலும் 'தி நம்பர் ஒஃப் கேர்ல்ஸ்' என்று வர வேண்டும். இணைப்புச் சொல்லைச் சரியாகப் போட்ட பிள்ளைகூட இந்த இடத்தில் விழுகிறது.

வாழைச்சேனை, ஹோட்டல் ஊழியர்: 'ஒன் தி அதர் ஹேண்ட்', 'ஒன் தி கொன்ட்ரரி' இரண்டும் ஒன்றா?

இல்லை. முதலாவது மறுபக்கத்தைக் காட்டும். அறுகம்பேயில் அலைச்சறுக்கலுக்கு ஏற்ற அலை, 'ஒன் தி அதர் ஹேண்ட்' பாசிக்குடாவில் அமைதியான ஆழமற்ற கடல். இரண்டும் உண்மை. இரண்டாவது, சொன்னதை மறுக்கும். 'பாசிக்குடா ஆழமானதா?' என்று விருந்தினர் கேட்டால், 'நோ. ஒன் தி கொன்ட்ரரி, இட் இஸ் வெரி ஷலோ' என்று சொல்லலாம். மறுக்க ஒன்றும் இல்லாத இடத்தில் இதைப் போடாதீர்கள்.

பொத்துவில், விருந்தினர் விடுதி நடத்துபவர்: வெளிநாட்டுக்காரர்கள் பேச்சை முடிக்கும்போது 'தோ' என்று ஒன்று போடுகிறார்கள். அது என்ன?

'தி ரூம் இஸ் ஸ்மோல். இட் இஸ் க்ளீன், தோ.' அறை சின்னதுதான், ஆனால் சுத்தம். அந்தக் கடைசித் 'தோ' நாங்கள் சொல்லும் 'ஆனா' போலத்தான், இடம் மட்டும் கடைசி. பேச்சில் தாராளமாகப் பாவியுங்கள். மின்னஞ்சலிலும் நட்பாக எழுதும்போது பரவாயில்லை. ஆனால் ஓல்தோவை அப்படிக் கடைசியில் வைக்க முடியாது, தோ மட்டும்தான் அங்கே போகும்.

அக்கரைப்பற்று, வாசகி: 'ஈவன் இஃப்', 'ஈவன் தோ' வித்தியாசம் பிடிபடவில்லை.

'மழை பெய்தாலும் வருவேன்.' பெய்யுமோ பெய்யாதோ தெரியாது. அது 'ஈவன் இஃப்': 'ஈவன் இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் கம்.' 'மழை பெய்தும் வந்தேன்.' மழை பெய்து முடிந்துவிட்டது. அது 'ஈவன் தோ': 'ஈவன் தோ இட் ரெயின்ட், ஐ கேம்.' 'பெய்தாலும்', 'பெய்தும்' என்று தமிழில் சொல்லிப் பார்த்தாலே பாதை தெரிந்துவிடும். ஈவன் தோ என்பது ஓல்தோதான், கொஞ்சம் அழுத்தம் கூட.

'ஈவன் ஹி வோஸ் சிக், ஹி கேம்' என்று தனி 'ஈவன்' போட்டு எழுதுவதை எங்கள் பக்கம் நிறையப் பார்க்கிறேன். ஈவன் தனியாக இரண்டு வாக்கியங்களை இணைக்காது. தோவோ இஃப்போ கட்டாயம் வேண்டும்.

கல்முனை, வேலை தேடும் இளைஞர்: விண்ணப்பக் கடிதத்தில் 'பட்' போட்டால் சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியாதா? 'நெவதலெஸ்', 'நொட்வித்ஸ்டேண்டிங்' போடச் சொல்கிறார்கள்.

தம்பி, 'நொட்வித்ஸ்டேண்டிங்' என்றாலும் 'இருந்தபோதிலும்' என்றுதான் பொருள், ஆனால் அது ஒப்பந்தப் பத்திரங்களிலும் சட்டத்திலும் வாழும் சொல். வேலைக் கடிதத்தில் அது கனமாகக் கிடக்கும். 'பட்' போடுவதில் எந்தக் குறைவும் இல்லை. வாக்கியத்தை 'பட்' கொண்டு தொடங்கக்கூடாது என்பதும் இலக்கண விதி அல்ல. ஆனால் அதை விரும்பாத ஆசிரியர்கள் இருப்பதால் பரீட்சையில் மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சொல் என்பதைவிட எதை முன்னால் வைக்கிறீர்கள், எதைப் பின்னால் வைக்கிறீர்கள் என்பதுதான் உங்கள் கடிதத்துக்கு முக்கியம். 'ஐ கெப்ட் தி அக்கவுன்ட்ஸ் ஒஃப் அவர் ஷொப், பட் ஐ ஹேவ் நொட் வேர்க்ட் இன் எ பேங்க்.' இதை வாசிப்பவர் மனதில் தங்குவது, நீங்கள் வங்கியில் வேலை செய்யவில்லை என்பது. திருப்பிப் போடுங்கள்: 'ஐ ஹேவ் நொட் வேர்க்ட் இன் எ பேங்க், பட் ஐ கெப்ட் தி அக்கவுன்ட்ஸ் ஒஃப் அவர் ஷொப்.' இப்போது தங்குவது, கடைக் கணக்கை நீங்களே பார்த்தீர்கள் என்பது. சொற்கள் ஒன்றுகூட மாறவில்லை. பட்டுக்குப் பின்னால் வருவதற்குத்தான் எடை. குறையை முன்னால் சொல்லிவிட்டு பலத்தைப் பின்னால் வையுங்கள். ஓல்தோ எழுதினாலும் குறை ஓல்தோவோடு போகட்டும், பலம் மற்றப் பகுதியில் நிற்கட்டும்.

ஆரையம்பதி, தாய்: ஒன்பதாம் வகுப்பு மகன் இந்தச் சொற்களை அர்த்தத்தோடு பாடமாக்குகிறான். எழுதச் சொன்னால் வரவில்லை. வீட்டில் நான் என்ன செய்யலாம்? எனக்கு ஆங்கிலம் பெரிதாக வராது.

உங்களுக்கு வரத் தேவையில்லை அக்கா, தமிழில் சொன்னால் போதும். வீட்டில் நடந்ததில் இருந்து முரணான இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள். 'தயிர் புளித்திருந்தது. தம்பி சாப்பிட்டான்.' அதை மகன் நாலு விதமாக ஆங்கிலத்தில் எழுதட்டும்.

'தி கேர்ட் வோஸ் சவர், பட் ஹி ஏட் இட்.'
'ஓல்தோ தி கேர்ட் வோஸ் சவர், ஹி ஏட் இட்.'
'டிஸ்பைட் தி சவர் டேஸ்ட், ஹி ஏட் தி கேர்ட்.'
'தி கேர்ட் வோஸ் சவர். ஹவெவர், ஹி ஏட் இட்.'

மூன்றாவதில் மட்டும் வினைச்சொல் போய்ப் பெயர்ச்சொல் வந்திருக்கிறது, நான்காவதில் நடுவே புல்ஸ்டொப் இருக்கிறது. அந்த இரண்டையும் மகனே விரல் வைத்துக் காட்டட்டும். அர்த்தப் பட்டியலைக் கொஞ்ச நாளைக்கு மூடி வைக்கச் சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு சோடி போதும். எழுதியதை நீங்கள் திருத்த வேண்டாம். வகுப்பில் ரீச்சரிடம் காட்டட்டும்.