ஸ்கேன் மெஷின் என்ன பாவம் செய்தது?

கேள்வி: இடுப்பு வலி என்று போனேன். கை வைத்துக்கூடப் பார்க்காமல் எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொன்னார் டாக்டர். 7,500 ரூபாய். 'டிஸ்க் பல்ஜ்', அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தட்டு பிதுங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. பயந்துபோய் இன்னொரு டாக்டரைத் தேடுவதற்குள் மூன்று வாரத்தில் வலி தானாகப் போய்விட்டது. நாடி பிடித்தே நோயைச் சொன்ன காலத்தை விட்டுவிட்டு இந்த மெஷின்களைக் கட்டிக்கொண்டோமே, இதில் நமக்கு லாபமா, நஷ்டமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: 7,500 ரூபாய் போன எரிச்சல் புரிகிறது. அதற்காக நாடி பிடித்த காலத்துக்கு என்னைக் கூப்பிடாதீர்கள், வரமாட்டேன். சுதந்திரம் வாங்கியபோது இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டித்தான் இருந்தது. நாடி பார்க்க ஊருக்கு ஊர் ஆள் இருந்தும்!

என் பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தபோது உள்ளிருந்த லென்ஸை எடுத்துவிட்டு, வெளியே சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்பினார்கள். அதில் பார்த்தால் எல்லாம் பெரிதாக, கிட்டத்தில் இருப்பதுபோலத் தெரியும். காபி டம்ளரை எடுக்கப் போனால் கை டம்ளருக்கு ஒரு சாண் முன்னாலேயே மூடிக்கொள்ளும். கண்ணுக்குள்ளேயே வைக்கிற லென்ஸ் அப்போதும் இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு, எங்களுக்குக் கட்டுப்படியாகாத விலை. 1992-ல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் ஆரோலேப் என்று தொடங்கி, இறக்குமதி விலையில் ஒரு சிறு பங்குக்கு அதைச் செய்து தர ஆரம்பித்தார்கள். இன்று சோடாபுட்டிக் கண்ணாடியைப் பழைய சினிமாவில்தான் பார்க்க முடிகிறது. அந்த லென்ஸும் நீங்கள் திட்டுகிற நவீன மருத்துவம்தான்.

சரி, உங்கள் டிஸ்குக்கு வருவோம். 1994-ல் அமெரிக்காவில் 98 பேரை எம்.ஆர்.ஐ.யில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் முதுகு வலி கிடையாது. அவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஓர் இடத்தில் டிஸ்க் பிதுங்கித்தான் இருந்தது. வயதானால் தலை நரைக்கிற மாதிரிதான் இதுவும். ஆக, உங்கள் ரிப்போர்ட்டில் இருந்தது பொய்யில்லை. ஆனால் உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்று மெஷின் சொல்லவில்லை, அப்படி நீங்களாக எடுத்துக்கொண்டீர்கள். டாக்டர் விளக்கியிருக்க வேண்டும். அது அவர் தப்பு. சாதாரண இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கும். கால் மரத்து வலுவிழந்தால், சிறுநீர் கட்டுப்பாடு போனால், காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ சேர்ந்தால், கீழே விழுந்து அடிபட்டிருந்தால் அப்போது ஸ்கேன் எடுக்கத் தயங்கவே கூடாது. அந்த நேரத்தில் அதே 7,500 ரூபாய் உங்கள் நடையைக் காப்பாற்றும்.

தேவையில்லாமல் தேடினால் என்ன ஆகும் என்பதற்குத் தென் கொரியாவைப் பாருங்கள். 1999-ல் அங்கே அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் கொண்டுவந்தது. தைராய்டு அந்தப் பட்டியலில் இல்லை. 'வந்ததுதான் வந்தீர்கள், கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் கழுத்தையும் பார்த்துவிடலாமே' என்று ஆஸ்பத்திரிகள் அல்ட்ராசவுண்டைக் கூடவே கோத்துவிட்டன. 2011-ல் ஒரே வருடத்தில் 40,000 பேருக்கு மேல் தைராய்டு புற்று என்றார்கள். 1993-ன் விகிதத்தைப்போல 15 மடங்கு! இத்தனையைக் கண்டுபிடித்த பிறகு சாவு குறைந்திருக்க வேண்டுமே? குறையவில்லை; வருடத்துக்கு முன்னூறு, நானூறு பேர், முன்பு இருந்த மாதிரியே. பெரும்பாலும் அவர்கள் கண்டுபிடித்தவை ஆயுள் முழுக்க சும்மா கிடந்திருக்கும் சிறு கட்டிகள். அதற்காகத் தைராய்டையே அறுத்தெடுத்துக்கொண்டு, தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறவர்களாக ஆனார்கள். சிலருக்குக் குரல் நாண் செயலிழந்தது. 2014-ல் எட்டு டாக்டர்கள் வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார்கள். ஒரு வருடத்துக்குள் ஆபரேஷன்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டன. வியாதியா குறைந்தது? தேடுவது குறைந்தது.

நம்மூரில் பேப்பருக்குள் செருகி வருகிற 'மாஸ்டர் ஹெல்த் செக்கப், தம்பதியருக்குத் தள்ளுபடி' நோட்டீஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொரியக் கழுத்துகள்தான் ஞாபகம் வரும். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்பது வேறு. உடம்பு முழுக்க வலை வீசுவது வேறு.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதய ரத்தக்குழாய் அடைப்பில் வைக்கிற, மருந்து பூசிய சிறு வலைக்குழாயான ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டியது. அதுவரை அதையே லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வைத்துக்கொண்டவர்கள் ஏராளம். ஸ்டென்ட் அதேதான். ஆகவே நீங்கள் கோபப்பட வேண்டியது மெஷின்மேல் இல்லை. மெஷினுக்கும் உங்களுக்கும் நடுவில் எத்தனை கை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

டாக்டர் எந்த டெஸ்ட் எழுதினாலும், 'ரிசல்ட் எப்படி வந்தாலும் என் வைத்தியம் மாறுமா சார்?' என்று கேளுங்கள். மாறாது என்றால் அப்புறம் எதற்கு எடுப்பது? நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அப்புறம், அந்த எம்.ஆர்.ஐ. ஃபிலிமைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இடுப்பு அடுத்த முறை பிடித்துக்கொண்டு, புதிதாக ஒன்று எடுத்து வரச் சொன்னால், எடுத்துக் காட்ட உதவும்.