கூடாரத்துக்குள் வந்தவர்: நத்தார் கேள்வி பதில்

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, ஆயத்தம் செய்யும் திருவருகைக் காலம் தொடங்கியதும் எங்கள் பங்குக் கோயில் வாசலில் ஒரு பெட்டி வைத்தோம். அதில் விழுந்த கேள்விகளுக்கு, முப்பது ஆண்டுகளாக மறைக்கல்வி கற்பித்து வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். பெயர்களை விட்டு ஊர்களை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: சேர், நான் சைவன். கடவுள் எங்கும் நிறைந்தவர் என்றுதான் நாங்களும் கும்பிடுகிறோம். எங்கும் இருப்பவர் எதற்காக ஓரிடத்தில் பிள்ளையாகப் பிறக்க வேண்டும்? (மாங்குளம்)

பதில்: தம்பி, எங்கும் இருக்கிறார் என்பதில் நமக்குள் பிணக்கில்லை. நத்தார் அதற்கு மேலே ஒன்றைச் சொல்கிறது. ‘வாக்கு மனிதர் ஆனார், நம்மிடையே குடிகொண்டார்’ என்று யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. வாக்கு என்று அவர் சொல்வது இறைமகன் இயேசுவை. ‘குடிகொண்டார்’ என்பதன் கிரேக்க மூலச் சொல்லுக்குக் கூடாரம் அடித்துத் தங்கினார் என்று பொருள். பாலைவனத்தில் அலைந்த இஸ்ரயேல் மக்கள் நடுவே, அவர்களைப் போலவே கூடாரத்தில் தங்கிய கடவுளை யோவான் நினைவூட்டுகிறார்.

வன்னிக்காரருக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டுமா? 2009 மார்கழியில் நாங்கள் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தோம். தறப்பாள் ஒழுகியது, பாய்க்குக் கீழே வெள்ளம் ஓடியது. பொதி கொண்டுவந்து தந்தவர்களை நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் பக்கத்துக் கூடாரத்து ஆச்சி ஒருவர், கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாமல், காய்ச்சலில் கிடந்த என் மகளின் தலைமாட்டில் விடியும்வரை அந்த ஈரத்திலேயே இருந்தார். அன்புள்ளவர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார், வந்து பக்கத்தில் இருப்பார். கடவுள் அப்படி வந்தார் என்பதே எங்கள் விசுவாசம்.

கேள்வி: இயேசு உண்மையில் டிசெம்பர் 25இல்தான் பிறந்தாரா? (வவுனியா)

பதில்: வேதாகமத்தில் திகதி இல்லை. 336ஆம் ஆண்டளவில் ரோமில் அந்த நாளில் விழா கொண்டாடியதற்குப் பதிவு உண்டு. எந்த நாள் என்பதால் விசுவாசத்துக்குக் குறைவில்லை.

கேள்வி: என் மகன் இல்லாமற்போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. நத்தார் பாட்டுக் கேட்டாலே நெஞ்சு அடைக்கிறது. கடவுள் அன்பானவர் என்று நான் எப்படி நம்புவது? (புதுக்குடியிருப்பு)

பதில்: அம்மா, உங்களுக்கு விளக்கம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மத்தேயு 2ஆம் அதிகாரத்தை உங்களோடு சேர்ந்து வாசிக்க மட்டும் விரும்புகிறேன். பெத்லகேமிலும் சுற்றுப்புறத்திலும் இரண்டு வயதும் அதற்கு உட்பட்டதுமான ஆண் குழந்தைகளை ஏரோது மன்னன் கொல்விக்கிறான். அதற்கு முன்பே மரியாளின் கணவர் சூசையப்பர் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்கு இடம்பெயர்கிறார். அந்தக் கொலையைச் சொல்லும் இடத்தில் எரேமியா இறைவாக்கினரின் பழைய வரியொன்றை மத்தேயு எடுத்து வைக்கிறார்: இஸ்ரயேல் மக்களின் முன்னோர் தாயான ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள், ஏனென்றால் அவர்கள் இல்லை.

அவளை யாரும் அதட்டவில்லை, எல்லாம் நன்மைக்கே என்று யாரும் சொல்லவில்லை. அவளுடைய அழுகை நத்தார் கதைக்குள்ளேயே இருக்கிறது. திருச்சபையும் டிசெம்பர் 28ஐ அந்த மாசற்ற குழந்தைகளுக்காக ஒதுக்கியிருக்கிறது. குடிலில் குனிந்து பார்க்கும் மரியாளும் பின்னாளில் சிலுவையடியில் நின்ற தாய்தான். நீங்கள் சிரித்த முகத்தோடு பூசைக்கு வர வேண்டியதில்லை, அம்மா. பின் வாங்கில் இருந்து அழுங்கள். மகனின் பெயரைச் சொல்லி அழுங்கள்.

கேள்வி: குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ஞானிகள் மூன்று பேரா? (உருத்திரபுரம், 5ஆம் வகுப்பு)

பதில்: பிள்ளை, பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கைகள்தான் மூன்று. எத்தனை பேர் வந்தார்கள் என்று மத்தேயு எழுதவில்லை. குடிலில் மூன்று பேரையே வையுங்கள், குற்றமில்லை.

கேள்வி: நுண்கடன் கட்டுவதால் இம்முறை பிள்ளைகளுக்குப் புது உடுப்பு எடுக்க முடியவில்லை. கோயிலுக்கு வர வெட்கமாக இருக்கிறது. (விசுவமடு)

பதில்: தங்கச்சி, லூக்கா 2ஆம் அதிகாரத்தில் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஒரு வரி உண்டு. பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோனபோது மரியாளும் சூசையும் செலுத்த வேண்டிய பலி ஒரு சோடிப் புறா. மோசேயின் சட்டத்தில் அது ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு விதித்த காணிக்கை. அந்தக் குடும்பத்துக்கு ஆடு வாங்க வழியிருக்கவில்லை! பிறப்புச் செய்தியை முதலில் கேட்டவர்களும் இரவில் கிடைக்குக் காவல் கிடந்த இடையர்கள். நம் பக்கத்தில் பட்டி காவலுக்கும் வயற் காவலுக்கும் கொட்டிலில் கிடக்கிறவர்களைப் போன்றவர்கள். அவர்கள் உடுப்பு மாற்றிக்கொண்டா பெத்லகேமுக்குப் போனார்கள்? தோய்த்த உடுப்போடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முன் வரிசைக்கு வாருங்கள். உடுப்புக்காக இன்னொரு கடன் மட்டும் எடுக்காதீர்கள்.

கேள்வி: காணித் தகராறில் அண்ணனோடு ஐந்து வருடமாகப் பேச்சில்லை. நத்தார் பலகாரம் யாரிடமாவது கொடுத்து அனுப்பலாமா? (அடம்பன்)

பதில்: கொடுத்து அனுப்ப வேண்டாம், தம்பி. இறைவாக்கினர்களை அனுப்பி முடித்த கடவுள் கடைசியில் தாமே வந்ததைத்தான் கொண்டாடுகிறோம். பயற்றம் பணியாரத்தை எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள். காணிக் கதை எடுக்காதீர்கள். அதை வேறொரு நாள் பேசலாம். அண்ணன் கதவைத் திறக்காவிட்டால் திண்ணையில் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த நத்தாருக்கும் போங்கள்.