நிழல் வெளிறிப் போனா போனைத் திட்டாதீங்க, சுவரைப் பாருங்க

மயிலாப்பூர்லேந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "தினம் காலைல ஆறரைலேந்து ஏழரை வரைக்கும் வாக்கிங். போற வழில கேட், கிரில், ஈபி பாக்ஸ், கேபிள் ஒயர்னு சுவர்ல விழற நிழலையெல்லாம் போன்ல எடுக்கறேன். கண்ணுக்கு சூப்பரா இருக்கு, போட்டோல வெளிறிப் போயிடுது, எல்லாமே ஒரே மாதிரி வேற இருக்கு. ஒயர் நிழல் மட்டும் எப்பவும் மசமசன்னு வருது, ஃபோகஸ் தப்பா? கேமரா வாங்கணுமா? எடிட் பண்ணி கறுப்பாக்கினா ஏமாத்தறதா ஆகுமா?"

கேமரா வேணாம்ங்க, காசை வச்சுக்கோங்க. விஷயம் சுவர் எந்தப் பக்கம் பாத்து நிக்குதுங்கறதுல இருக்கு. ஏழு மணிக்கு நீங்க எடுக்கறது அனேகமா கிழக்கு பாத்த சுவராத்தான் இருக்கும், ஏன்னா அதுலதான் வெயில் பளிச்சுன்னு அடிக்குது, கண்ணு தானா அங்கதான் போகும். ஆனா அந்த வெயில் சுவரோட மூஞ்சிக்கு நேரா வருது, அதனால கிரில்லோட நிழல் கிரில்லுக்குப் பின்னாடியே ஒளிஞ்சுக்கும், லேசா ஓரத்துல எட்டிப் பாக்கும், அவ்ளோதான். எந்தத் தெருவுல எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கறதுக்கு இதான் காரணம்.

நிழல் நீண்டு ஓடணும்னா வெயில் சுவரை உரசிக்கிட்டு போகணும். உங்க நேரத்துக்கு அது கிடைக்கறது கிழக்கு மேற்கா ஓடற தெருவுலதான், உங்க ஊர்லயே வடக்கு மாட வீதி, தெற்கு மாட வீதி ரெண்டும் அப்படித்தான் போகுது. நவம்பர்லேந்து பிப்ரவரி வரைக்கும் சூரியன் கொஞ்சம் தெக்கால தள்ளி உதிக்கும், அப்ப தெக்கு பாத்த சுவரைப் பிடிங்க. மே, ஜூன், ஜூலைல வடக்கு பாத்த சுவர். தெரு நீளத்துக்கு வெயில் படுத்துக்கிட்டு வரும், ஒரு ஈபி மீட்டர் பாக்ஸ் தன்னைப் போல ரெண்டு மடங்கு நீளத்துக்குப் பக்கவாட்டுல நிழல் போடும்.

இதுல நானே ஒருவாட்டி நல்லா ஏமாந்தேன். ஜனவரில ஒரு வீட்டு மாடிப்படி கைப்பிடி நிழல் சுவர்ல ஏணி மாதிரி இறங்கினதைப் பாத்து வச்சிருந்தேன், போன்ல சார்ஜ் இல்ல, அப்புறம் எடுத்துக்கலாம்னு விட்டுட்டு மே மாசம் போய் மூணு நாள் நின்னேன், நிழலைக் காணோம். தெக்கு பாத்த சுவருங்க அது. சென்னை 13 டிகிரி வடக்குல இருக்கறதால ஏப்ரல் 24 வாக்குலயும் ஆகஸ்ட் 18 வாக்குலயும் மத்தியானம் சூரியன் சரியா தலைக்கு மேல வரும், நிழலில்லா நாள்னு சொல்றாங்களே அதான், அந்த ரெண்டு தேதிக்கு நடுவுல சூரியன் நாள் பூரா வடக்குப் பக்கமே சுத்தும், தெக்கு சுவருக்கு நேர் வெயில் ஒரு துளி கிடைக்காது. அதனால ஒரு நல்ல நிழலைப் பாத்தா அன்னிக்கே எடுத்துடுங்க.

லீவு நாள்ல முடிஞ்சா பதினொன்றரைக்கு ஒரு நடை போங்க. காலை வெயில், சாயங்கால வெயில்தான் போட்டோவுக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்லிச் சொல்லி அதையே வேதமா வச்சிருக்கோம், மூஞ்சி எடுக்கறதுக்கு அது சரி, எல்லா சுவருக்கும் சரி கிடையாது. மார்ச் மாசம் பதினொன்றரைக்கு கிழக்கு சுவர்ல ரெண்டு இன்ச் நீட்டிக்கிட்டிருக்கற ஆணிக்கு கீழ பாருங்க, பத்து இன்ச்சுக்கு நிழல் தொங்கும். சுண்ணாம்பு உரிஞ்ச இடம், பெயின்ட் கொப்புளம், பழைய போஸ்டரோட மடிஞ்ச காது, எல்லாத்துக்கும் தனித்தனி நிழல் இருக்கும். தொப்பி போட்டுக்கோங்க.

வெளிறறதுக்கு வருவோம். ஒண்ணு, சந்து குறுகலா இருந்து எதிர் வீடு வெள்ளையா இருந்தா அந்தச் சுவர்ல பட்ட வெயில் திரும்பி வந்து உங்க நிழலுக்குள்ளயே வெளிச்சம் ஊத்தும், மார்கழி பனி மூட்டமும் அதே வேலையைத்தான் செய்யும். மழை விட்டு வானம் கழுவினாப்ல இருக்கற காலைல நிழல் எவ்ளோ கெட்டியா விழுதுன்னு பாருங்க. இன்னொண்ணு உங்க போன், அதோட கேமராவுல ஹெச்டிஆர்னு ஒரு வசதி இருக்கு. இருட்டா இருக்கற இடத்தையெல்லாம் தூக்கி வெளிச்சமாக்கறதுதான் ஹெச்டிஆரோட வேலையே, அதுக்கு நிழல்னா ரிப்பேர் பண்ண வேண்டிய குறை. செட்டிங்ஸ்ல அதை ஆஃப் பண்ண முடிஞ்சா பண்ணிடுங்க. சுவர்ல வெயில் பட்ட இடத்தைத் தொட்டு அப்படியே அழுத்திப் பிடிச்சு லாக் ஆனதும் பக்கத்துல வர்ற சூரியன் படத்தைக் கீழ இழுங்க. வெயில் பட்ட இடத்துல சுவரோட சொரசொரப்பு தெரியற வரைக்கும் இறக்குங்க, நிழல் தன்னால கறுத்துக்கும்.

ஒயர் மசமசன்னு இருக்கறது ஃபோகஸ் தப்பே இல்ல. சூரியன் ஒரு புள்ளி கிடையாது, அரை டிகிரி அகலத்துக்கு ஒரு தட்டு, அதனால நிழலுக்கு ஓரம் எப்பவும் கொஞ்சம் கரையும். நிழல் விழற சுவருக்கும் அந்தப் பொருளுக்கும் உள்ள தூரத்தை 110-ஆல வகுத்தா கரையற அகலம் கிட்டத்தட்ட வந்துடும். கிரில் சுவர்லேந்து பத்து சென்டிமீட்டர்னா ஒரு மில்லிமீட்டர்தான், கத்தி மாதிரி விழும். ஒயர் ஆறு மீட்டர் தள்ளி தொங்கினா அஞ்சரை சென்டிமீட்டர் கரையும், ஒயரோ ஒரு சென்டிமீட்டர் தடிமன், அப்புறம் என்ன மிச்சம் இருக்கும் சொல்லுங்க. மரத்தடில வட்ட வட்டமா வெயில் விழறதும் இதே சங்கதிதான், இலை இடுக்கு எந்த ஷேப்ல இருந்தாலும் தரைல விழறது சூரியனோட பிம்பம், 2019 டிசம்பர் 26 கிரகணத்தப்ப தரையைப் பாத்தவங்களுக்கு அது பிறை பிறையா விழுந்தது ஞாபகம் இருக்கும். அதனால ஒரே பிரேம்ல கூர்மையான கிரில்லும் கரைஞ்ச ஒயரும் சேந்து வந்தா விட்றாதீங்க, சுவர் எவ்ளோ தூரத்துல இருக்குன்னு அந்த ரெண்டு நிழலே காட்டிடும்.

எடிட்டிங் தாராளமா பண்ணுங்க. ஹாங்காங்ல ஃபான் ஹோன்னு ஒருத்தர் 1954ல எடுத்த ரொம்ப பிரபலமான படம் ஒண்ணு, வெள்ளைச் சுவர் ஓரமா ஒரு பொண்ணு நிக்கும், குறுக்கால முக்கோணமா ஒரு நிழல் அவளை நோக்கி வரும், அந்த நிழலே அவர் டார்க்ரூம்ல சேத்ததுதான். நீங்க இருக்கற நிழலைத்தானே கறுப்பாக்கறீங்க. ஆனா கான்ட்ராஸ்டை முழுசா ஏத்தி தார் பூசினாப்ல ஆக்கிடாதீங்க, வெள்ளைச் சுவர் நிழல்ல வானத்தோட நீலம் லேசா இருக்கும், எனக்கு அது போனா படமே போன மாதிரி.

கேக்காம விட்ட ஒண்ணையும் சொல்லிடறேன், அடுத்தவங்க வீட்டு கேட் முன்னாடி அஞ்சு நிமிஷம் போனைத் தூக்கிக்கிட்டு நின்னா யாராவது வந்து கேக்கத்தான் செய்வாங்க. ஜன்னலுக்குள்ள தெரியாத மாதிரி ரெண்டு எக்ஸ் ஜூம்ல வச்சு நிழலை மட்டும் எடுங்க, கேட்டா ஸ்கிரீனைக் காட்டுங்க. போன வாரம் ஒரு வாட்ச்மேன் அப்படித்தான் பாத்துட்டு, "இதுக்கா சார், சாயங்காலம் வாங்க, அந்தப் பக்கச் சுவர்ல தண்ணி டேங்க் நிழலு யானை மாதிரி விழும்"னாரு.