கிண்ணத்தை எடுத்தால் நோய் போய்விடுமா?

கேள்வி: எங்கள் லாப்ரடார் பெண் நாய்க்கு 9 வயது, 30 கிலோ எடை. இரண்டு மாதமாகப் படுத்த இடமெல்லாம் நனைத்துவைக்கிறது. திட்டினால் தலையைக் குனிந்துகொள்கிறது. தெரிந்தே செய்கிறதோ என்று தோன்றுகிறது. மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுகிறோம். ராத்திரி குளியலறைக்குள் போய் ஈரத் தரையை நக்குகிறது. தை மாதம் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வீடு முழுக்க வாடை. நண்பரின் தோட்டத்தில் விட்டுவிடலாம் என்கிறார் கணவர். இதை எப்படிப் பழக்குவது?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பழக்குவதற்கு இதில் ஒன்றுமில்லை அம்மா. வாடையைப் பற்றியும் பெண் பார்க்க வருவதைப் பற்றியும் கவலைப்பட்டு எழுதிவிட்டு, ஈரத் தரையை நக்குவதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு வேண்டியது அந்த வரிதான்.

கிண்ணம் காணோம் என்றதும் பக்கெட் அடியில் தேங்கியதைத் தேடிப் போகிற நாய்க்கு அடங்காத தாகம் இருக்கிறது. நிறையக் குடிப்பதால் நிறையப் போகிறது என்று நீங்கள் கணக்குப் போட்டீர்கள். இந்த வயதில் பெரும்பாலும் நடப்பது தலைகீழ். சிறுநீரகம் நீரைப் பிடித்துவைக்க முடியாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. இழந்ததை ஈடுகட்டத்தான் நாய் குடிக்கிறது. கிண்ணத்தை எடுத்தால் குடிப்பது நிற்குமே தவிர, போவது நிற்காது. உடம்புதான் வற்றும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் ஒரேயடியாகச் சாய்த்துவிடும். அது போகட்டும், அந்தத் தரையை எதை ஊற்றிக் கழுவுகிறீர்கள்? பினாயில்தானே? ஆறு மணிக்கு மேல் அந்த நாய்க்கு நீங்கள் வைத்திருக்கும் குடிநீர் அது.

தூக்கத்தில் கசிவது நாய்க்கே தெரியாது. தலை குனிவது உங்கள் குரலுக்குப் பயந்து. இனி யாரும் திட்ட வேண்டாம்.

கருத்தடை செய்தாயிற்றா என்று நீங்கள் எழுதவே இல்லை. செய்யவில்லை என்றால் இதைப் படித்த கையோடு கிளம்புங்கள். பருவத்துக்கு வந்துபோன ஓரிரு மாதத்தில் இப்படித் தாகம் எடுத்தால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். வெளியே எதுவும் வடியவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். வடியாமல் உள்ளே கட்டிக்கொள்வதுதான் இன்னும் மோசம். உயிருக்கே ஆபத்து.

செய்தாயிற்று என்றால், நாளைக் காலை லிட்டர் பாட்டிலால் அளந்து ஊற்றுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மீந்ததைக் கழித்துப் பாருங்கள். குளியலறைக் கதவைச் சாத்திவையுங்கள், இல்லாவிட்டால் கணக்குத் தப்பும். கிலோவுக்கு 100 மில்லி, அதாவது உங்கள் நாய்க்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர், அதைத் தாண்டினால் நோய்தான். சர்க்கரையா, சிறுநீரகமா, அட்ரீனல் சுரப்பிக் கோளாறா என்பதை ரத்தமும் சிறுநீரும் சொல்லும். அரிப்புக்கு ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ கொடுத்திருந்தால் அதுவும் இப்படித் தாகத்தைக் கிளப்பும், மருத்துவரிடம் மறைக்காதீர்கள். காலையில் அது குந்தும்போது பின்னாலிருந்து நீளக் கரண்டியை நீட்டி முதல் சிறுநீரைப் பிடித்து, சுத்தமான மூடி டப்பாவில் ஊற்றி உடனே கொண்டுபோங்கள். கரண்டி மறுபடி அடுக்களைக்கு வரக்கூடாது என்று நான் சொல்லத் தேவையில்லை.

குடிப்பது அளவோடுதான், தூங்கும்போது மட்டும் கசிகிறது என்று தெரிந்தால் நிம்மதி. கருத்தடை செய்த பெரிய இனப் பெண் நாய்களுக்கு, சில வருடங்கள் கழித்துக்கூட, சிறுநீர் வழியை மூடிவைக்கும் தசை தளர்ந்துபோவதுண்டு. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவது ஒரு காரணம். உடல் பருமன் அதைக் கூட்டும். தசையை இறுக்கும் மருந்தோ ஹார்மோன் மாத்திரையோ தருவார்கள், பெரும்பாலான நாய்களுக்குக் கேட்கும். மனிதர்களுக்கான மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

அதுவரை படுக்கையின் அடியில் ரப்பர் ஷீட், மேலே பழைய பருத்திப் புடவை. விளக்கை அணைக்கும் முன் ஒருமுறை வெளியே கூட்டிப் போக வேண்டும். பின்னங்கால்களின் உள்பக்கத்தையும் அடிவயிற்றையும் தினமும் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். விட்டால் தோல் வெந்து புண்ணாகும்; ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். இதையெல்லாம் அந்தத் தோட்டத்தில் யார் செய்வார்கள்?

தோட்டத்தில் விடுவது என்பது தெருவில் விடுவதற்குக் கௌரவமான பெயர். வீட்டுக்குள் வளர்ந்த நாயை நோயோடு கொண்டுபோய்க் கிணற்றடியில் கட்டிவிட்டு வருவதை ஒரு குடும்பம் செய்கிற காரியமாக நான் மதிக்க மாட்டேன். ஓடியாடி வாலாட்டிய வயதில் நீங்கள் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. கடமை இப்போதுதான் வந்திருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் வயதான நாய், வைத்தியம் நடக்கிறது என்று சொல்லுங்கள். அதற்கே முகம் சுளிக்கிற வீடு என்றால், உங்கள் மகள் ஒரு மாதம் படுக்கையில் விழுந்தால் அங்கே யார் பார்ப்பார்கள் என்று நான் யோசிப்பேன்.

ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, உங்களுக்குத் தூரமில்லை. கணவரையும் கூட்டிப் போங்கள். 30 கிலோ நாயை நீங்கள் ஒருவராக ஆட்டோவில் தூக்கி ஏற்ற முடியாது.