மொழி தெரியாத ஊரில் குழந்தையைப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிப்போவதில் பயன் உண்டா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஜெர்மனி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, எனக்கே மொழி பிடிபடவில்லை, ஒன்றரை வயதுக் குழந்தையை இங்குள்ள இசை விளையாட்டு வகுப்பில் சேர்த்தால் அவனுக்கு என்ன புரியும், தமிழும் குழம்பிப்போகுமோ?

கூட்டிப்போங்கள். முதல் சில வாரம் கூச்சமாக இருக்கும். உங்களுக்குத்தான், குழந்தைக்கு இல்லை.

நாங்கள் இருப்பது ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சின்ன ஊர். மகள் யாழினிக்கு அப்போது 20 மாதம். மனைவி வேலைக்குத் திரும்பிவிட்டாள், நான் பெற்றோர் விடுப்பில் இருந்தேன். (இங்கே அப்பாவும் குழந்தைக்கு 3 வயதாகும் வரை விடுப்பு எடுக்கலாம். இதை ஊரில் மாமனாருக்குப் புரியவைப்பதற்குள் ஜெர்மன் இலக்கணமே தேவலாம் என்று ஆகிவிட்டது.) என் ஜெர்மன் பேக்கரியில் ரொட்டி வாங்கும் அளவுக்குத்தான்.

வகுப்பு 45 நிமிஷம். ஷூவைக் கழற்றிவிட்டு எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார வேண்டும், குழந்தைகளுக்கு வழுக்காத சாக்ஸ். முதலில் வரவேற்புப் பாட்டு, அதில் ஒவ்வொரு குழந்தையின் பெயரும் வரும். இங்கேதான் முதல் அடி. ழ-வுக்கு நாம் ஆங்கிலத்தில் இசட்-ஹெச் போடுகிறோம் இல்லையா, ஜெர்மனில் இசட் என்றால் ட்ஸ். ஆகவே ஆசிரியர் தாளைப் பார்த்து மனதாரப் பாடினார், யாட்ஸ்-ஹினி. நான் ழ சொல்லிக் கொடுத்தேன், எட்டுப் பெற்றோரும் நாக்கை மடித்துப் பார்த்தார்கள், கடைசியில் யாலினி என்று சமரசம் ஆனது. நம் ஊரிலேயே பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அதனால் பெரிதாக வருத்தமில்லை.

இரண்டாம் அடி என் காது கொடுத்தது. அடுத்த வாரம் ஆளுக்கொரு டூஹ் கொண்டுவாருங்கள் என்றார் ஆசிரியர், அதாவது துணி. எனக்குப் பூஹ் என்று கேட்டது, அதாவது புத்தகம். எல்லோரும் மெல்லிய வண்ணத் துணியை வீசி, முகத்தை மூடி, திறந்து ஆடிக்கொண்டிருக்க, நான் யானைப் படம் போட்ட கெட்டி அட்டைப் புத்தகத்தை ஆட்டிக்கொண்டிருந்தேன். யாழினி அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கண்ணாமூச்சி ஆடினாள். அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இந்த வயதில் பாட்டின் அர்த்தம் பாதிக்கு மேல் கையிலும் மடியிலும்தான் இருக்கிறது. மடியில் உட்காரவைத்துக் குதிரை ஓட்டும் பாட்டு ஒன்று இங்கே எல்லா வீட்டிலும் உண்டு: குதிரைக்காரன் பள்ளத்தில் விழுந்தால் அண்டங்காக்கை தின்னும், சேற்றில் விழுந்தால் தொபுக்கடீர், அந்த இடத்தில் முழங்காலைப் பிரித்துக் குழந்தையைக் கீழே விட்டுப் பிடிக்க வேண்டும். எப்போது விழப்போகிறோம் என்று அவள் மூச்சைப் பிடித்துக் காத்திருப்பாள். நண்டூருது நரியூருது சொல்லிக்கொண்டே விரல் அக்குளை நெருங்கும்போது குழந்தை உடம்பைச் சுருக்குமே, அதே காத்திருப்பு. (காக்கை தின்கிற கதையை வீடியோவில் அம்மாவிடம் சொன்னேன். "ஏண்டா, பச்சப் புள்ளைக்குப் பாடுற பாட்டாடா இது?" என்றாள்.)

இசை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே குழந்தைகளுக்குத் தரும் சைலஃபோனில் (குச்சியால் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) பட்டைகளைக் கழற்றி மாட்டலாம். கார்ல் ஓர்ஃப் என்ற இசையமைப்பாளர் 1920-களில் மியூனிக்கில் தொடங்கிவைத்த வழி, பேச்சும் அசைவும் தாளமும் ஒன்றாகவே வரட்டும் என்பது. எஃப் பட்டையையும் ஹா பட்டையையும் (நாம் பி என்கிற சுரத்துக்கு இவர்கள் வைத்த பெயர் ஹா) ஆசிரியர் கழற்றிவிடுவார், மிச்சத்தில் எதைத் தட்டினாலும் காதுக்கு உறுத்தாது. சி-யை ஸ என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது ஸ ரி க ப த. மோகன ராகம்! இரண்டு வயது நிரம்பாத எட்டு வாண்டுகள் கண்டபடி தட்டியும் மோகனம் தப்பவில்லை. எனக்கு மொழி தேவைப்படாத முதல் பத்து நிமிஷம் அதுதான்.

யாழினி முதல் நாலு வாரம் வகுப்பில் வாயே திறக்கவில்லை, பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருப்பாள். காசு வீண் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் குளிக்கவைக்கும்போது தண்ணீரைத் தட்டித் தட்டி வரவேற்புப் பாட்டை மெட்டோடு முனகினாள், சொல் எல்லாம் கொழகொழ. நவம்பர் 11 வாக்கில் இங்கே புனித மார்ட்டின் விழாவுக்குக் குழந்தைகள் காகித லாந்தர் பிடித்துத் தெருவில் பாடிக்கொண்டு போவார்கள். அந்த ஊர்வலத்தில் அரைகுறையாகவாவது கூடப் பாட முடிந்ததற்கு வகுப்புதான் காரணம். அதுவரை பக்கத்து வீட்டுக்காரரோடு எனக்கு வணக்கம் மட்டும்தான் இருந்தது.

சேரும் முன் ஷ்னுப்பர்ஸ்டுண்டே உண்டா என்று கேளுங்கள். சொல்லுக்குச் சொல் மோந்துபார்க்கும் மணிநேரம், அதாவது ஒரு வகுப்பு வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பாட்டு வரிகளைத் தாளில் கேட்டு வாங்குங்கள், எது கொண்டுவரச் சொன்னாலும் எழுதி வாங்குங்கள் (பூஹ்!). கேட்காமல் வீடியோ எடுக்காதீர்கள், மற்றவர் குழந்தைகள் படத்தில் விழுவது இங்கே யாருக்கும் பிடிக்காது.

தமிழ் விஷயம். நானும் ஆரம்பத்தில் மற்றவர்கள் முன்னால் அவளிடம் ஓட்டை ஜெர்மனில் பேசினேன், இங்கிதம் என்று நினைத்து. அவள் என்னை யாரோ போலப் பார்த்தாள். விட்டுவிட்டேன். வட்டத்தில் பாட்டு ஜெர்மன், என் மடியில் பேச்சு தமிழ், யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. குழம்புமா என்றால், கலக்கத்தான் செய்கிறாள். நேற்று ராத்திரி நண்டூருது சொல்லிக் கிச்சுக்கிச்சு மூட்டி முடித்ததும் கையை மறுபடி நீட்டி "நொஹ்மால்!" என்றாள். இன்னொரு தடவை என்று அர்த்தம். ஏழு தடவை ஆனது.