ஏரிக்கு எவ்வளவு தண்ணீர் வரும்? பல மாதிரிகளைச் சேர்த்துக் கணிப்பது பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் உள்ள பவல் ஏரிக்கு ஏப்ரல் முதல் ஜூலை வரை எவ்வளவு நீர்வரத்து இருக்கும் என்பதைப் பனிக்காலத்திலேயே கணிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதையே உதாரணமாக வைத்துப் பதில் சொல்கிறேன். 'மாதிரி' என்று நான் சொல்வது, இப்படிக் கணிக்க உதவும் கணக்கு முறையை (model).

கேள்வி: அங்கே என்னென்ன மாதிரிகள் இருக்கின்றன சார்?

முக்கியமாக இரண்டு வகை. ஒன்று புள்ளியியல்: மலைமேல் இருக்கும் 'ஸ்னோடெல்' எனும் தானியங்கி நிலையங்கள் அளக்கும் பனியையும் பழைய வருடங்களின் நீர்வரத்தையும் வைத்துப் போடும் சமன்பாடு. மற்றொன்று, பனி உருகுவதையும் மண் நீரை உறிஞ்சுவதையும் கணக்கிடும் கணினி மாதிரி. இன்றைய பனியையும் மண் ஈரத்தையும் அதில் வைத்து, இனிமேல் 1995 போல வானிலை வந்தால் என்ன ஆகும், 2002 போல வந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு பழைய வருடமாக ஓட்டிப் பார்ப்பார்கள். முப்பது வருடம் ஓட்டினால் முப்பது விடை.

கேள்வி: சுமாரான மாதிரியைச் சேர்த்தால் நல்லதும் கெட்டுவிடாதா?

கெடலாம், ஆனால் கட்டாயமில்லை. உண்மையில் வந்த நீர், ஏதோ ஓர் அலகில், 72 என்று வையுங்கள். ஒன்று 60 என்றது, மற்றது 80 என்றது. சராசரி 70, பிழை வெறும் 2. இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் தவறியதால் வந்த லாபம் இது. இரண்டுமே 60-ஐ ஒட்டிச் சொல்லியிருந்தால் சராசரி எடுத்தும் பயனில்லை. அதனால் 'எது கெட்டிக்கார மாதிரி' என்பதோடு, 'எது வேறு விதமாகத் தவறுகிறது' என்றும் பாருங்கள். ஒரே பனித் தரவைத் தின்னும் ஐந்து மாதிரிகள் எனக்கு ஒன்றேகால் மாதிரிதான்!

கேள்வி: சராசரி எடுக்கும்போது நன்றாகக் கணிக்கும் மாதிரிக்குக் கூடுதல் எடை, அதாவது அதிகப் பங்கு, கொடுக்கலாமே?

கொடுக்கலாம். சிக்கல் என்னவென்றால், வருடத்துக்கு ஒரு பருவம்தான். கையில் இருப்பது முப்பது, நாற்பது வருடத் தரவு. அதிலிருந்து நுணுக்கமாக எடை கணக்கிட்டால் பாதி தற்செயலாகத்தான் இருக்கும். சாதாரணச் சராசரியைத் தோற்கடிப்பது பல சமயம் கடினம். எடை போட்டே தீருவேன் என்றால், ஒவ்வொரு வருடத்தையும் ஒளித்துவைத்து, மற்ற வருடங்களில் கிடைத்த எடையை அதில் சோதியுங்கள். அதே வருடங்களில் எடை போட்டு அங்கேயே மதிப்பெண் எடுப்பது, விடைத்தாளைப் பார்த்து எழுதிய பரீட்சை.

கேள்வி: 2021-ல் பனி ஓரளவு இருந்தும் தண்ணீர் வரவில்லையே?

ஆமாம், பவல் ஏரிக்கு ஏப்ரல்–ஜூலையில் வந்தது சராசரியில் ஏறக்குறைய கால்வாசி. முந்தைய கோடையும் இலையுதிர் காலமும் காய்ந்து கிடந்ததால் உருகிய பனியில் பெரும்பங்கை மண்ணே குடித்துவிட்டது, வசந்தமும் வறண்டது. பனியை மட்டும் பார்க்கும் மாதிரிக்கு அது தெரியாது. இப்படி மாதிரிகள் முரண்படும்போது சராசரியை மட்டும் வெளியிட்டு முரண்பாட்டை மறைத்துவிடாதீர்கள். அணை அதிகாரிக்குத் தேவை வீச்சு: 'பத்தில் ஒரு வாய்ப்பு, இவ்வளவுக்கும் கீழே போகும்' என்ற எண்.

கேள்வி: மேட்டூருக்கு இதைச் செய்யலாமா அண்ணா?

செய்யலாம், ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கொலராடோவில் வரப்போகும் தண்ணீரில் பெரும்பகுதி ஏற்கெனவே மலையில் பனியாக உட்கார்ந்திருக்கும். காவிரிக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பெய்தால்தான் உண்டு. ஆகவே முதலில் மழையைக் கணிக்க வேண்டும். அதற்கு இந்திய வானிலைத் துறையும் 2021 முதல் பல மாதிரிகளின் கூட்டைப் பயன்படுத்துகிறது. அப்புறம் கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நடுவில் நிற்கின்றன. அங்கே எப்போது மதகு திறப்பார்கள் என்பதை எந்த மழை மாதிரியும் சொல்லாது. அணைகளுக்கு மேலே வரும் இயல்பான வரத்தைத் தனியாகக் கணியுங்கள். திறப்பைத் தனிக் கணக்காக வையுங்கள்.