பிள்ளைகளின் கணுக்கால்: இந்த வாரக் கடிதங்கள்

கே: இரண்டு வயது மகளை மடியில் வைத்துச் சறுக்கு மரத்தில் இறங்கினேன். அன்றிலிருந்து காலை ஊன்ற மறுக்கிறாள். எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லையாம்.

மடியில் வைத்துச் சறுக்கும்போது குழந்தையின் கால் மாட்டித் திருகும். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பில் விழும் மெல்லிய கீறல் முதல் நாள் படத்தில் தெரியாமல் போகலாம். கட்டுப் போட்டு, பத்துப் பதினைந்து நாளில் மறுபடி படம் எடுங்கள். காய்ச்சல் இருந்தால் மட்டும் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள்.

கே: 13 வயது மகன் கபடியில் கால் திருகி விழுந்தான். சுளுக்கு என்று மூன்று முறை உருவிவிட்டோம். பத்து நாளாகியும் ஊன்ற முடியவில்லை.

மூன்று முறையா! வளரும் பிள்ளைக்குத் தசைநாரைவிட வளர்ச்சித் தட்டுதான் (எலும்பு நீளும் இடத்திலுள்ள குருத்தெலும்பு) பலவீனம். படம் எடுக்காமல் உருவாதீர்கள் என்று எத்தனை முறை எழுதிவிட்டேன்.

இந்த வயதில் கணுக்கால் வளர்ச்சித் தட்டு மூடத் தொடங்கும். முதலில் நடுப்பகுதி, பிறகு உட்புறம், கடைசியில் வெளிப்புற முன்மூலை. முழுதாக மூட ஒன்றரை வருடம் ஆகும். அதற்குள் பாதம் வெளிப்பக்கம் திருகினால், தசைநார் அந்த மூலையைப் பெயர்த்துக்கொண்டு வரும். இதுதான் டில்லோ முறிவு. இதன் நெருங்கிய உறவான, எலும்பு மூன்று தளங்களில் உடையும் டிரைபிளேன் முறிவு முன்படத்தில் ஒருவிதமாகவும் பக்கப்படத்தில் வேறுவிதமாகவும் தெரியும். ஒரே படத்தைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். சாதாரணச் சுளுக்கில் வலி பெரும்பாலும் வெளி மொளிக்கு (கணுக்காலின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் எலும்புக்கு) கீழே, சதையில் இருக்கும். டில்லோவில் மொளிக்குச் சற்று உள்ளே, மூட்டின் முன்புற எலும்பிலேயே சுரீரென்று வலிக்கும். சி.டி. ஸ்கேனில் விலகல் 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் பொதுவாக அறுவை சிகிச்சைதான். பிள்ளைகளுக்கு எலும்பு சீக்கிரம் கூடும்; விலகிய இடத்திலேயே கூடிவிட்டால் திருத்துவது பெரும்பாடு. இன்றே எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

கே: 11 வயது மகளின் பாதப் படம் இணைத்துள்ளேன். சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் அடியில் கோடு. முறிவா?

எந்தக் கால், எங்கே வலி, எப்போது அடிபட்டது, எதையும் எழுதவில்லை. படமும் ஒன்றே ஒன்று. கோடு எலும்பின் நீளவாக்கில் ஓடினால் பெரும்பாலும் இயல்பான வளர்ச்சிக் கோடு. குறுக்கே ஓடினால் முறிவு.

கே: கணுக்கால் வீங்கினாலே எக்ஸ்-ரே வேண்டுமா?

ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை நான்கு அடி எடுத்துவைத்து நடந்து, இரு மொளிகளின் பின் ஓரத்தையும் நுனியையும் அழுத்தினால் வலிக்கவில்லை என்றால் வேண்டாம்.

கே: மகன் படியில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டான். நகத்தின் வேரில் ரத்தம் கசிகிறது. மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறேன்.

கட்டை அவிழுங்கள். நகத்தடியில் வளர்ச்சித் தட்டு முறிந்து, காயம் எலும்புவரை திறந்திருக்கலாம். பக்கவாட்டுப் படம், நன்றாகக் கழுவுதல், ஆன்டிபயாடிக் மூன்றும் இன்றே வேண்டும். விட்டால் எலும்பில் சீழ் பிடிக்கும்.